மட்சாடியும் செப்புக்காசும்: மின்முலாமிடற் கலையின் தோற்றம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெரிய எந்திரங்களையும் பெரிய பெயர்களையுமே நாடுகின்றனர். நீராவியெந்திரம், புகையிரதம், மின்பிறப்பாக்கி எனப் படிப்படியாக வளரும் அவ்வரலாற்றில் வீட்டு அலமாரியிலிருக்கும் சாடிக்கோ, விளக்கின் கண்ணாடிக் குழாய்க்கோ, தேய்ந்துபோன ஒரு செப்புக்காசுக்கோ இடம் கிடைப்பதில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முக்கியமான கைத்தொழில்களுள் ஒன்றான மின்முலாமிடல் இத்தகைய பொருள்களிலிருந்தே தோன்றியது. மின்னோட்டத்தின் துணைகொண்டு ஓர் உலோகத்தின்மீது இன்னோர் உலோகத்தைப் படியச் செய்யும் இக்கலை, தொடக்கத்தில் எவரும் தம் வீட்டு மேசைமீது அமைத்துக்கொள்ளக்கூடிய கருவியொன்றினாலேயே நடைபெற்றது.

அக்கருவி யாருடைய கையில் உருப்பெற்றது? அது யாருடைய உடைமையாய் முடிந்தது? இவ்விரு நிலைகளுக்குமிடையே நிகழ்ந்த மாற்றத்தின் காரணங்கள் யாவை? இவ்வினாக்களையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். 1836ஆம் ஆண்டு தொடக்கம் 1844ஆம் ஆண்டு வரையான குறுகிய காலப்பகுதியே இங்கு எமது கவனத்துக்குரியது. ஒரு கைவினை நுட்பம் பொதுவறிவாகப் பிறந்து தனியுடைமையாக மாறிய முறையை இத்துணைத் தெளிவாகக் காட்டும் காலப்பகுதிகள் அரியன.

2. மின்னுக்கு முற்பட்ட முலாம்

மின்முலாமின் வருகையை விளங்கிக்கொள்வதற்கு அதற்கு முன்னிருந்த முறைகளை நோக்குதல் அவசியம். பொன்முலாம் பூசுதற்குப் பன்னூற்றாண்டுகளாக வழங்கிய முறை இரசமுறையாகும். பொன்னை இரசத்திற் கரைத்துக் களிபோலாக்கி, அதனைச் செம்பு அல்லது வெள்ளிப் பொருளின்மேல் தடவித் தீயிற் காய்ச்சுவர். இரசம் ஆவியாகிப் போய்விடப் பொன் பொருளோடு ஒட்டி நிற்கும். உறுதியும் அழகும் வாய்ந்த இம்முலாம் தொழிலாளியின் உயிரை விலையாகக் கொண்டது. இரசத்தின் ஆவியைச் சுவாசித்தோர் கைகால் நடுக்கமுற்றுப் பல்லிழந்து இளவயதிலேயே நலிந்தனர்.

இக்கொடுமையை அக்காலத்தவரும் அறிந்தேயிருந்தனர். பாரிசு நகரத்து வெண்கல வேலைத்தொழிலதிபரான றவ்றியோ, முலாம் பூசுவோரை இரசநஞ்சிலிருந்து காக்கும் வழியைக் காண்பவருக்கு 3,000 பிராங்குப் பரிசு வழங்குமாறு தம் மரணசாசனத்தில் எழுதிவைத்தார். ஆவியை வெளியேற்றும் புகைபோக்கி அடுப்பொன்றை அமைத்த தார்செ என்னும் இரசாயன அறிஞர் 1818இல் அப்பரிசைப் பெற்றார். ஆயினும் இரசமுறை ஒழியவில்லை. சென் பீற்றர்ஸ்பேக் நகரின் புனித ஐசாக் பேராலயத்தின் மாடத்துக்கு இம்முறையாற் பொன் பூசியபோது அறுபது தொழிலாளர் வரையில் உயிரிழந்தனர் என்று கூறப்படுகின்றது.

வெள்ளியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1743ஆம் ஆண்டளவில் ஷெபீல்ட் நகரத்துக் கத்தித் தொழிலாளியான தோமஸ் போல்சோவர், செப்புக் கட்டியோடு வெள்ளித் தகட்டைச் சூட்டினால் ஒன்றிணைத்துப் பின்னர் இரண்டையும் சேர்த்தே தகடாக அடிக்கும் முறையைக் கண்டார். இதனால் வெள்ளிப் பாத்திரத்தின் தோற்றம் நடுத்தர வகுப்பினருக்கும் எட்டியது. ஆனால் இங்கு முலாம் முதலிலும் உருவம் பின்னரும் வருகின்றன. வெட்டிய விளிம்பில் தெரியும் செம்பை மறைத்தல் வேண்டும். வார்ப்பு வேலைப்பாடுகளுக்கு இம்முறை பயன்படாது. பொருளை முதலிற் செய்து முடித்துப் பின்னர் அதன்மேல் வெள்ளியைப் போர்த்தும் வழியொன்று சந்தைக்குத் தேவைப்பட்டது.

3. மின்கலத்தின் சுவரிற் படிந்த செம்பு

வோற்றா 1800ஆம் ஆண்டில் தமது மின்னடுக்கை அறிவித்தபின், மின்னோட்டம் உலோக உப்புக்களின் கரைசல்களிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் என்பது விரைவிலேயே தெரியவந்தது. இத்தாலியில் வோற்றாவின் நண்பரான புரூணாத்தெல்லி 1805இல் வெள்ளிப் பதக்கங்களுக்கு மின்னினாற் பொன் பூசினார். அச்செய்தி அச்சிலும் வந்தது. எனினும் ஒரு தலைமுறைக்கு மேலாக எவரும் அதனைத் தொழிலாக வளர்க்கவில்லை. ஒரு முறை ஒருமுறை செய்து காட்டப்படுவது வேறு. சமூகத்தில் வேரூன்றுவது வேறு. வோற்றாவின் அடுக்கினது மின்னோட்டம் சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடும். மணிக்கணக்காகச் சீராய் ஓடும் மின்னோட்டமின்றி நல்ல முலாம் இல்லை.

அக்குறையை நீக்கியது இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் தானியல் 1836இல் அமைத்த மின்கலமாகும். செப்புப் பாத்திரத்தினுள் செப்புச் சல்பேற்றுக் கரைசல்; அதன் நடுவே ஒரு நுண்டுளைத் தடுப்பு; தடுப்பினுள்ளே ஐதான அமிலமும் நாகக் கோலும் என்பதே அதன் அமைப்பு. தானியல் முதலிற் பயன்படுத்திய தடுப்பு எருதின் உணவுக்குழாய்! நாகம் கரையக் கரையச் செம்பு தன் கரைசலை விட்டு நீங்கிச் செப்புச் சுவரிற் படியும். வேறு சொற்களிற் கூறின், தானியற் கலம் வேலை செய்யும் ஒவ்வொரு கணமும் அது ஒரு முலாமிடும் தொட்டியாகவும் இயங்குகின்றது. மின்னோட்டத்தை நாடியவருக்குப் படியும் செம்பு வெறும் கழிபொருள். கலத்தைத் துப்புரவாக்கும் வேளையில் உரித்தெறிய வேண்டிய ஒன்று.

அவ்வாறு உரித்தெறிந்த செம்பை உற்று நோக்கியவர்களே இக்கலையின் தோற்றுநராயினர். 1836ஆம் ஆண்டிலேயே வாரன் டி லா றூ என்பவர், படிந்த செம்பு அடித்தகட்டின் ஒவ்வொரு கீறலையும் அப்படியே பிரதிசெய்திருப்பதைக் கண்டு எழுதினார். ஆனால் அதற்கு மேல் அவர் செல்லவில்லை. காணுதல் ஒன்று, கண்டதன் பயனை உணர்தல் மற்றொன்று. பயனை உணர்வதற்கு, பிரதியெடுத்தலையே தொழிலாகக் கொண்டவரின் கண் தேவைப்பட்டது.

4. மூவர்

1838, 1839ஆம் ஆண்டுகளில் மூவர் தனித்தனியே இவ்வுண்மையைக் கைப்பற்றினர்.

முதலாமவர் சென் பீற்றர்ஸ்பேக்கிற் பணியாற்றிய மோறிற்ஸ் யாக்கோபி. மின்னோடியினாற் படகொன்றை நேவா நதியிற் செலுத்திய அறிஞர் இவர். தம் கலங்களிலிருந்து உரிந்த செப்புத் தகட்டில் அரத்தின் சுவடுகள்கூடப் பதிந்திருந்ததை அவதானித்து, 1838 ஒக்டோபரில் விஞ்ஞானக் கழகத்துக்கு அறிவித்தார். 1840இல் தம் முறையை விளக்கி நூலொன்றை வெளியிட்டார். ருசிய அரசு அவருக்குப் பரிசளித்து அம்முறையைப் பகிரங்கமாக்கியது. முன்னர் குறிப்பிட்ட புனித ஐசாக் பேராலயத்தின் சிற்பங்கள் பல பின்னர் யாக்கோபியின் முறையில் ஆக்கப்பட்டன. ஒரே கட்டடத்தின் மாடத்தில் பழைய முறையின் மரணமும், சிற்பங்களிற் புதிய முறையின் தொடக்கமும் அருகருகே நிற்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாமவர் ஜோர்டன் என்னும் இலண்டன் அச்சுத்தொழிலாளர். யாக்கோபியின் முறை பற்றிய சுருக்கமான செய்தியொன்று 1839 மே மாதத்தில் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதனைக் கண்ட ஜோர்டன், தாம் முன்னரே செய்துவந்த பரிசோதனைகளை விளக்கி 'மெக்கானிக்ஸ் மகசீன்' சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார். அது யூன் 8ஆந் திகதி இதழில் வெளியாயிற்று. அச்செழுத்துக்களையும் செதுக்கிய தகடுகளையும் இவ்வாறு பிரதியெடுக்கலாம் என்று அவர் அதிற் சுட்டினார்.

மூன்றாமவர் லிவர்ப்பூல் நகரின் தோமஸ் ஸ்பென்சர். மரத்திற் சித்திரம் செதுக்கிப் படச்சட்டங்களுக்குப் பொன் பூசுதல் அவரது தொழில். வெறும் செப்புத் தகடு கைவசமில்லாத ஒருவேளையில் அதற்குப் பதிலாகச் செப்புக்காசொன்றைக் கம்பியிற் கோத்து இறக்கினார். படிந்த செம்பை உரித்தபோது காசின் தலையுருவமும் எழுத்துக்களும் அதிற் பதிந்திருந்தன. வாணிசுத் துளியொன்று தற்செயலாகச் சிந்திய இடத்திற் செம்பு படியாமலிருந்ததையும் அவர் கண்டார். வேண்டிய இடத்திற் படியச் செய்வதற்கும் வேண்டாத இடத்திற் தடுப்பதற்கும் வழி இவ்விரு நிகழ்ச்சிகளிலும் அடங்கியிருந்தது. 1839 செப்டெம்பரில் லிவர்ப்பூல் பொலிரெக்னிக் சங்கத்தில் அவர் வாசித்த கட்டுரை மிகுந்த பரபரப்பை ஏற்படுத்தியது. ஸ்பென்சர் தம் முறைக்குக் காப்புரிமை கோரவில்லை.

யார் முந்தியவர் என்னும் பூசல் நெடுங்காலம் நீடித்தது. ஜோர்டனின் கடிதத்தை ஐந்தாண்டுகளாக எவரும் பொருட்படுத்தவில்லை. 1844இல் ஹென்றி டேர்க்ஸ் என்பவரே அதனைத் தேடியெடுத்து, புகழ் முழுவதும் ஸ்பென்சருக்குச் சென்றமை நீதியன்று என வாதிட்டார். எமது நோக்கில் இப்பூசலைவிட முக்கியமானது வேறொன்று. மூவருள் இருவர் பல்கலைக்கழகம் சாராத கைவினைஞர். ஒருவர் அச்சுத்தொழிலாளர், மற்றவர் பொன்பூசுநர். பிரதியெடுத்தலும் முலாம் பூசுதலுமே அவர்களது அன்றாடத் தொழில். எனவே விஞ்ஞானிகள் கழிபொருளாகக் கண்டதை அவர்கள் விளைபொருளாகக் கண்டனர் எனலாம்.

இதற்குரிய சமூகச் சூழலும் அக்காலத்தில் உருவாகியிருந்தது. 1823இல் தொடங்கிய 'மெக்கானிக்ஸ் மகசீன்' மூன்று பென்சுக்கு விற்கப்பட்ட வாரவிதழ். தொழிலாளர் கல்விக்கழகங்கள் அதே தசாப்தத்தில் நகரந்தோறும் எழுந்தன. புத்தகம் கட்டும் தொழிலிற் பயிலுநராயிருந்த மைக்கேல் பரடே, மின்னோட்டத்தின் அளவுக்கும் படியும் பொருளின் அளவுக்குமுள்ள நேர்விகித உறவை 1830களின் தொடக்கத்தில் நிறுவினார். செருப்புத் தைக்கும் தொழில் பயின்று பின்னர் படைவீரராயிருந்த வில்லியம் ஸ்டேர்ஜன், நாகத்தின்மீது இரசம் பூசினால் அது வீணே கரையாது என்பதை 1830இல் எடுத்துரைத்தார். இவையனைத்தும் கைவினைஞரின் கைக்கெட்டும் அறிவாக அச்சில் உலாவின.

5. மேசைமீது ஒரு தொழிற்சாலை

ஸ்பென்சரின் கட்டுரையைத் தொடர்ந்து இங்கிலாந்தில் ஒருவகைப் பித்தே பிடித்ததெனலாம். பதக்கங்களையும் நாணயங்களையும் இலைகளையும் பிரதியெடுப்பது வீட்டுப் பொழுதுபோக்காயிற்று. 1841ஆம் ஆண்டளவில் சாள்ஸ் வோக்கரின் கைந்நூலும், இளம் சத்திரவைத்தியரான அல்பிரட் சிமீயின் 'மின்னுலோகவியல் மூலங்கள்' என்னும் நூலும் வெளிவந்தன. இவற்றாற் பரவிய எளிய கருவியின் அமைப்பைச் சிறிது விரிவாக நோக்குவோம். வாதத்தின் அடிப்படை அக்கருவியிலேயே தங்கியுள்ளது.

வெளிப்பாத்திரம் ஒரு மட்சாடி அல்லது கண்ணாடிக் குவளை. அதிற் செப்புச் சல்பேற்றின் செறிந்த கரைசல். உட்பாத்திரம் இருபுறமும் திறந்த விளக்குக் கண்ணாடி. அதன் ஒரு வாயைப் பாரிசுச் சாந்தினால் அடைப்பர். சாந்து கிடையாதெனில் விலங்கின் சலப்பையை நனைத்துக் கட்டுவர். தடித்த கபிலநிறத் தாளுங்கூடப் போதும். உள்ளே உப்புநீர் அல்லது மிக ஐதான சல்பூரிக்கமிலம்; அதில் இரசம் பூசிய நாகத்துண்டு. நாகத்தையும் முலாமிடவேண்டிய பொருளையும் ஒரே செப்புக்கம்பியால் இணைத்துப் பொருளை வெளிக்கரைசலிற் தொங்கவிடுவர். செம்பு படியப் படியக் கரைசல் வெளிறும். அதனைத் தடுக்கச் செப்புச் சல்பேற்றுப் பளிங்குகளைத் துணிப்பையிற் கட்டிக் கரைசலின் மேல்மட்டத்திற் தோய்ந்திருக்கச் செய்வர். தனியான மின்கலம் எதுவும் வேண்டியதில்லை. சாடியே மின்கலம், சாடியே முலாந்தொட்டி.

சாந்தடைப்பின் வேலை நுண்மையானது. அது இல்லையெனிற் செப்புக்கரைசல் நாகத்தையே சென்றடைந்து அங்கேயே கருந்தூளாய்ப் படிந்து வீணாகும். இரு கரைசல்களையும் கலக்கவிடாது, மின்னை மாத்திரம் செல்லவிடும் மதிலாக அது நிற்கின்றது. பொறுமையும் வேண்டும். ஓர் அம்பியர் மின்னோட்டம் ஒரு மணித்தியாலத்திற் படியச்செய்யும் செம்பு ஏறத்தாழ 1.19 கிராம் மட்டுமே. 100 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள பொருளில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வளர 75 மணித்தியாலங்கள், அதாவது மூன்று நாளுக்கு மேல், செல்லும். விரைவுபடுத்த முயன்றாற் செம்பு பளபளப்பான உலோகமாயன்றிக் கருந்தூளாய்ப் படியும். மிக மந்தமாயிற் பளிங்குருவாய் நொறுங்கும். படிவு பளிங்காகவோ, நெகிழ்வுள்ள உலோகமாகவோ, கருந்தூளாகவோ அமைவது மின்னோட்டத்தின் வலிமைக்கும் கரைசலின் செறிவுக்குமுள்ள உறவைப் பொறுத்தது என்று சிமீ வகுத்துரைத்தார். அளவுகருவி எதுவுமில்லாத வீட்டுப் பரிசோதகர் படிவின் நிறத்தைக் கண்டே மின்னோட்டத்தைத் திருத்திக்கொள்ள இவ்விதி உதவிற்று.

மின்கடத்தாத பொருளின்மீது முலாமிடுவதற்கு வழிகண்டவர் றொபேட் மறே. மெழுகு அச்சின்மேல் காரீயத் தூளைத் தூரிகையாற் தேய்த்தால் அது மின்னைக் கடத்தும் என்று அவர் 1840இற் காட்டினார். பென்சிற்கரி என்றும் வழங்கும் இக்காரீயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் பிரதான ஏற்றுமதிகளுள் ஒன்றாயிருந்தது என்பது நாமறிந்ததே. அதன் பெரும்பகுதி உலோகம் உருக்கும் மூசைகளுக்கே சென்றது. மெழுகச்சுக்கு வேண்டியது ஒரு சிட்டிகையே. ஆனால் அச்சிட்டிகையே பூ, இலை, மரச்செதுக்கு ஆகிய அனைத்தையும் செம்பாக்கும் வாய்ப்பை அளித்தது. ஜோர்டன் சுட்டியவாறே மரச்செதுக்குப் படங்களினதும் அச்சுப் பக்கங்களினதும் செப்புப் பிரதிகள் பின்னர் நூறாண்டுக்கும் மேலாக அச்சகங்களிற் பயன்பட்டன.

இக்கருவியின் பொருளாதாரத்தை ஒரு வாக்கியத்திற் கூறலாம்: 63.5 கிராம் செம்பு படிய 65.4 கிராம் நாகம் கரைய வேண்டும். நாகமே இத்தொழிலின் எரிபொருள். அதனை அவுன்சுக்கணக்கில் வாங்கலாம். ஆகவே சிறு கைவினைஞரும் இத்தொழிலில் இறங்க முடிந்தது.

6. சாடியிலிருந்து தொழிற்சாலைக்கு

ஆனால் இச்சாடி ஒரு முக்கியமான பணியைச் செய்ய இயலாதிருந்தது. அது உரித்தெடுக்கத்தக்க பிரதிகளை ஆக்கியதேயன்றி, பொருளோடு நிலையாய் ஒட்டும் வெள்ளி முலாமை அளிக்கவில்லை. சாதாரண வெள்ளியுப்புக் கரைசல்களிலிருந்து வெள்ளி சொரசொரப்பாகவும் ஒட்டாமலும் படிந்தது. இத்தடையை நீக்கியவர் பேர்மிங்காம் சத்திரவைத்தியரான யோன் றைற். பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவீடிய மருந்தாளரான ஷேலே, பொன்னினதும் வெள்ளியினதும் சயனைட்டுக்கள் பொற்றாசியம் சயனைட்டிற் கரையும் என எழுதியிருந்தார். ஷேலேயின் நூலை வாசித்த றைற் அக்கரைசலிற் பரிசோதித்தார். வெள்ளி மெல்ல விடுபட்டு, மென்மையாகவும் உறுதியாகவும் படிந்தது.

அதே நகரிற் பொன்பூச்சுத் தொழிலை நடத்திவந்த எல்கிங்டன் சகோதரமுறையினர் இத்துறையில் முன்னரே காப்புரிமைகளைப் பெற்றிருந்தனர். றைற் தம் கண்டுபிடிப்பை அவர்களிடம் கொண்டுசென்றார். 1840 மார்ச்சில் அவர்கள் பெற்ற காப்புரிமையில் அவரது முறையும் உள்ளடங்கிற்று. றைற்றுக்குப் பணமும் உரிமத்தொகையும் உடன்படிக்கையாயின. 1844இல் அவர் இறந்தார். பேனாமுனைத் தொழிலிற் செல்வம் திரட்டிய யோசையா மேசன் 1842இல் எல்கிங்டனுடன் பங்காளியாய் இணைந்தபோது அம்முறைக்குப் பெருமூலதனமும் கிட்டியது. பிரான்சில் அதே ஆண்டிற் கிறிஸ்தோபிள் நிறுவனம் உரிமைகளை வாங்கிக்கொண்டது. போட்டி முறைகள் தோன்றிய இடமெல்லாம் அவற்றை விலைக்கு வாங்கித் தமதாக்கிக்கொள்வதே எல்கிங்டனின் வணிகத் தந்திரமாயிற்று.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வேர்ணர் சீமென்ஸ். பிரசியப் படையின் இளம் அதிகாரியான அவர், இருவரிடை நிகழ்ந்த தனிச்சமரொன்றிற் துணைநின்ற குற்றத்துக்காக மக்டபேக் கோட்டையிற் சிறைவைக்கப்பட்டார். சிறையறையையே ஆய்வுகூடமாக்கினார். பொன்னுப்புக் கரைசல் நிரம்பிய கோப்பையொன்றில் நிக்கற் கலப்புலோகத் தேக்கரண்டியை இறக்கி, தானியற் கலமொன்றின் நாகமுனையோடு இணைத்தார். மறுமுனையிற் கட்டியது ஒரு பொற்காசு. சில நிமிடங்களிற் கரண்டி பொன்னாய் மின்னியது. மன்னிப்புக் கட்டளை வந்தபோது, பரிசோதனைகளை முடிக்கும்வரை சிறையிலேயே இருக்க அனுமதி கேட்டதாக அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். 1842இல் அவர் பிரசியக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டில் அவருடைய தம்பி வில்ஹெல்ம் இங்கிலாந்து சென்று அம்முறையை எல்கிங்டனுக்கு 1,500 பவுணுக்கு விற்றார். சிறையறைக் கோப்பையும் தேக்கரண்டியும்கூட இறுதியிற் பேர்மிங்காமையே சென்றடைந்தன.

மாற்றத்தை நிறைவுசெய்தது எந்திரம். பரடே 1831இற் கண்ட மின்காந்தத் தூண்டலை அடிப்படையாகக் கொண்டு, பேர்மிங்காமைச் சேர்ந்த வூல்றிச் என்பவர் 1842இற் காப்புரிமை பெற்று, 1844இல் முலாமிடுதற்கான மின்பிறப்பாக்கியொன்றை அமைத்தார். நீராவிவலுவாற் சுழன்ற இவ்வெந்திரம் கைத்தொழிலுக்குப் பயன்பட்ட முதல் மின்பிறப்பாக்கிகளுள் ஒன்று. இன்று அந்நகரின் விஞ்ஞான நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது. இதன் பொருளென்ன? நாகத்தின் இடத்தை நிலக்கரி பிடித்தது என்பதே. நாகத்தை அவுன்சுக்கணக்கில் வாங்கிய கைவினைஞரால் நீராவியெந்திரத்தை அவுன்சுக்கணக்கில் வாங்க இயலாது. பெருமளவில் முலாமிடுவோருக்கு மின்னோட்டம் மலிந்தது. அம்மலிவே சிறுபட்டறையைச் சந்தையிலிருந்து அகற்றியது. ஷெபீல்டின் பழைய இணைத்தகட்டுத் தொழிலும் அடுத்த சில ஆண்டுகளில் நலிந்தது. 1865இல் அதே எல்கிங்டன் குடும்பத்தினர் செம்பைத் தூய்மையாக்கும் மின்பகுப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றனர். தானியற் கலத்தின் சுவரிற் படிந்த கழிபொருள், மின்கம்பிகளுக்கான தூய செம்பின் ஊற்றாயிற்று.

இவ்விடத்து ஒரு தவறான முடிவைத் தவிர்த்தல் வேண்டும். வீட்டுச் சாடியின் காலத்தைப் பொற்காலமாகக் காட்டுவது எமது கருத்தன்று. இக்கலை வீட்டு மேசையை விட்டு நீங்கியமைக்கு உடைமை மட்டும் காரணமன்று. உப்புநீரும் நாகமும் குழந்தைகளுள்ள வீட்டிலும் இருக்கலாம். சயனைட்டுக் கரைசல் இருக்கலாகாது. அமிலம் சிறிது கலந்தாலும் உயிர்கொல்லும் வாயு எழும். இரசநஞ்சிலிருந்து தொழிலாளியை விடுவித்த மின்முலாம் வேறொரு நஞ்சை அவர் முன் வைத்தது. இருபதாம் நூற்றாண்டில் 1920களிற் பரவிய குரோமிய முலாம் மூன்றாவது நஞ்சைக் கொணர்ந்தது. அறுவலுவுள்ள குரோமியச் சேர்வைகள் புற்றுநோய் விளைப்பவையென்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. தெற்காசிய நகரங்களின் சிறு முலாம்பட்டறைகளில் கையுறையுமின்றி இத்தொட்டிகளருகே நிற்போருக்கு 1818இல் றவ்றியோவின் பரிசு எழுப்பிய வினா இன்றும் பழையதாகிவிடவில்லை.

7. ஏன் முன்னரே தோன்றவில்லை?

கருவி இத்துணை எளிதாயின், மண்ணும் செம்பும் அறிந்த பண்டைச் சமூகங்கள் ஏன் அதனை ஆக்கவில்லை என்ற வினா எழுதல் இயல்பு. ஆக்கினர் என்று வாதிடுவோரும் உளர். பக்தாது அருகே 1936இற் கிடைத்த மட்சாடியொன்றிற் செப்புக்குழாயும் இரும்புக்கோலும் இருந்தமையால் அது மின்கலமென வில்ஹெல்ம் கேனிக் கருதினார். ஆனால் அதனோடு கம்பி எதுவும் கிடைக்கவில்லை. அப்பகுதிப் பொன்முலாம் பொருள்கள் இரசமுறையால் ஆனவையென்பதே ஆய்வாளர் கொள்ளும் முடிவு. இவ்வாறே அகத்தியர் பெயராலான வடமொழிச் சங்கிதையொன்று மின்கலத்தையும் முலாமையும் கூறுகின்றதெனச் சிலர் எடுத்துக்காட்டுவர். மட்பாத்திரம், செப்புத்தகடு, மயிற்றுத்தம், ஈரமான மரத்தூள், இரசம் பூசிய நாகம் என அது அடுக்கும் பொருள்கள் தானியற் கலத்துக்கு வியப்பூட்டுமளவு நெருங்கியவை. அந்நெருக்கமே ஐயத்துக்கும் காரணமாகின்றது. அச்சுலோகங்களின் தொன்மையை நிறுவும் காலவரையறைபெற்ற ஏட்டுப்பிரதி காட்டப்படவில்லை. இரசம் பூசிய நாகமோ 1830ஐ ஒட்டிய மின்கல ஆய்வின் தெளிவான முத்திரை.

இதனால் இந்தியக் கைவினைஞரின் பெருமை குறைந்துவிடாது. ஆவியாகிப் பறந்துவிடும் நாகத்தைக் காய்ச்சி வடித்துப் பெருமளவில் எடுக்கும் நுட்பத்தை இராசத்தானத்துச் சாவார்ப் பகுதியினர் ஐரோப்பியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அறிந்திருந்தனர். அதற்கு அகழ்வுச் சான்றுகள் உள. உண்மையான சாதனையொன்று மண்ணில் இருக்கக் கற்பனைச் சாதனையை முனிவர்மேல் ஏற்றுவது, அச்சாதனையைச் செய்த பெயரறியாத உலைத்தொழிலாளரை இரண்டாம் முறை மறைப்பதாகும். ஒரு கருவி தோன்றுவதற்கு அதன் உறுப்புக்கள் தனித்தனியே இருத்தல் போதாது. அவற்றை இணைக்கும் கோட்பாடு, அக்கோட்பாட்டைக் கைவினைஞரிடம் சேர்க்கும் ஊடகம், விளைபொருளை வேண்டிநிற்கும் சந்தை ஆகிய மூன்றும் கூடவேண்டும். 1805இற் புரூணாத்தெல்லிக்கு இவை கூடவில்லை. 1839இல் ஸ்பென்சருக்குக் கூடின.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஏழெட்டு ஆண்டுகளுள் ஒரே சாடி மூன்று சமூக உருவங்களை அடைந்தமை புலனாகும். தானியலிடம் அது ஆய்வுக்கருவி. ஜோர்டனிடமும் ஸ்பென்சரிடமும் கைவினைஞரின் பொதுச்சொத்து. எல்கிங்டனிடம் காப்புரிமை பெற்ற மூலதனம். இம்மாற்றங்களினூடே அதன் அடிப்படை விதி மாறவில்லை. பரடே கண்ட விகிதமே மூன்றிலும் இயங்கிற்று. மாறியது அதனை ஆட்சிசெய்தோரின் வர்க்கமே. யாக்கோபியின் முறையை அரசு பரிசளித்துப் பகிரங்கப்படுத்தியதும், றைற்றின் முறை காப்புரிமையுள் அடங்கியதும் ஒரே காலத்து நிகழ்ந்தவை. ஆதலால் தனியுடைமை தொழில்நுட்பத்தின் இயல்பிலேயே அடங்கிய தவிர்க்கவியலாத விளைவென்று கூறுதல் பொருந்தாது.

எமது பாடசாலைகளில் மின்பகுப்பைக் கற்கும் மாணவர் முகவையிற் செப்புச் சல்பேற்றை ஊற்றி, கதோட்டிற் படியும் செம்பை நிறுத்து, சமன்பாட்டை எழுதி முடிக்கின்றனர். அச்சமன்பாட்டின் பின்னால் இரசத்தால் நடுங்கிய கைகளும், மூன்று பென்சு வாரவிதழுக்குக் கடிதம் எழுதிய அச்சுத்தொழிலாளரும், பறிபோன பட்டறைகளும் உள்ளமையை அவர்களுக்குக் கூறுவார் அரியர். விஞ்ஞானத்தை உழைப்பின் வரலாற்றோடு இணைத்துக் கற்பிக்கும் காலத்திலேயே அது மக்களுக்குரிய அறிவாகும். அத்தகைய வரலாற்றைத் தமிழில் எழுதுவதற்கு இக்கட்டுரை ஒரு சிறு தூண்டுதலாயின் எமது முயற்சி பயன் பெற்றதாகும்.